பந்துகளுக்கு ஓர் அறை

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தப் பொந்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் எங்காவது பூஞ்சை வாசனை அடித்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருவது அதனால்தான். அறுபதுகளின் தொடக்கத்தில், பம்பாயில் மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டராக இருந்தேன். பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சாமான் முழுக்க அந்தப் பொந்தில்தான் கிடந்தது. முதுகை வளைத்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். விளக்கு கிடையாது. கால்பந்து, ஹாக்கி மட்டை, ஜால்ராத் தகடு கோத்த லெஜிம் கழி, ஸ்கிப்பிங் கயிறு, கிழிந்த வாலிபால் வலை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கும். மழைக்காலத்தில் தோல் பந்துகளின் மேல் பச்சையாகப் பூஞ்சை பூத்து, தொட்டால் வழுக்கிக்கொண்டு விரலோடு வரும். வலைச் சுருளுக்குள் எலி குட்டி போட்டிருக்கும். ஒருமுறை கையை விட்டபோது வெதுவெதுப்பாக என்னவோ நெளிந்தது. அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

டிரில் பீரியட் முப்பத்தைந்து நிமிஷம். சாமானைத் தேடி வெளியே இழுக்கக் கால் மணி நேரம், திரும்ப உள்ளே தள்ளப் பத்து நிமிஷம். மிச்சம் இருக்கும் பத்து நிமிஷத்தில் நாற்பது பிள்ளைகள் விளையாட வேண்டும். இதற்கு எனக்குச் சம்பளம் வேறு.

அந்தப் பொந்துக்கும் பந்துகளுக்கும் பொறுப்பு ஒரு பட்டேவாலா. பியூனை பம்பாயில் அப்படித்தான் சொல்வோம். அவரும் என்னைப் போலத் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு பேரும் தாராவியில்தான் குடியிருந்தோம், ஐந்தாறு சந்து தள்ளி. அவருடைய அப்பா தாராவித் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர். இவரும் மீசை முளைக்கும் வரை அங்கே தோல் அலசியவர்தான். பந்தின் தையல் விட்டால் ஊசியும் மெழுகு நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் தைத்த இடம் மறுபடி விட்டு நான் பார்த்ததில்லை. பந்து வேலை போக, மைதானம் கூட்டுவதும் சண்டாஸ் என்கிற கக்கூஸ் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்புவதும் அவர் தலையில். மற்ற பட்டேவாலாக்கள் ஆபீஸ் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் மட்டும் சண்டாஸுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட ஒரு டப்பாவின் மேல். அங்கே உட்கார் என்று யாரும் அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை. ஏன் அங்கே உட்காருகிறீர்கள் என்று நானும் கேட்டதில்லை.

ஊரில் இருந்திருந்தால் அவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டிருப்பேன். அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பது அங்கே ஒரு கணக்கே இல்லை. பம்பாய்க்கு வந்து 'நீங்க' என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் நான் கற்றுக்கொண்டது. அதையே பெரிய சீர்திருத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாடியில் புது வகுப்புகள் கட்டியதும் கீழே மைதானத்தை ஒட்டி ஓர் அறை காலியாயிற்று. அதை விளையாட்டுச் சாமானுக்குத் தரலாம், பிளான் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். எனக்கு வந்த உற்சாகத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. டேப்பை எடுத்துக்கொண்டு நானும் பட்டேவாலாவும் அறையை மூலைக்கு மூலை அளந்தோம். மட்டையை அளந்தோம், லெஜிமை அளந்தோம், காற்றடித்த பந்தையும் காற்றிறங்கிய பந்தையும் அளந்தோம்.

"பந்தை அலமாரியில பூட்டிராதீய சார்," என்றார் அவர். "தோலுக்குக் காத்து வேணும். செவுத்துல படாம ஒரு அடி தள்ளி வச்சா பூசணம் புடிக்காது. மாசத்துக்கு ஒருக்க வெளக்கெண்ண தடவுனா போதும்."

அப்படியே செய்தேன். பலகைக்குப் பதிலாக இரண்டு மூங்கில் கழிகளை ஒரு சாண் இடைவெளியில், முன்பக்கம் சாய்வாகப் பொருத்தினால் பந்துகள் அதன்மேல் வரிசையாக நிற்கும். முன்னால் ஒன்றை எடுத்தால் அடுத்தது தானே உருண்டு வந்துவிடும். காற்று நாலு பக்கமும் போகும். ஹாக்கி மட்டைகளுக்குத் துளை போட்ட பலகை. லெஜிமுக்கும் கயிறுக்கும் ஆணி. ஒவ்வோர் ஆணிக்கும் பின்னால் சுவரில் அந்தந்தச் சாமானின் உருவத்தைக் கறுப்பு மையால் வரைந்துவிட்டால், எது திரும்பி வரவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். மைதானத்துப் பக்கம் ஒரு ஜன்னல். பிள்ளைகள் வெளியே வரிசையில் நிற்க, உள்ளே ஓர் ஆள் ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பார். எழுந்து இரண்டு எட்டு வைத்தால் எந்தச் சாமானும் கைக்கு எட்டும்.

அந்த ஸ்டூல் இருந்த இடத்தில் 'ஸ்டோர் கீப்பர்' என்று எழுதினேன். பட்டேவாலா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது யாருக்கு சார்?"

"உங்களுக்குத்தான். வேற யாருக்குத் தெரியும் இந்த வேலை?"

"நெசமாவா சொல்லுதீய?"

"தண்ணி எடுக்கிற வேலைய வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க. நீங்க இங்கதான்."

அவர் அந்தப் பென்சில் கட்டத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டு நாள் கழித்து ஒரு பையைக் கொண்டுவந்து வெட்கத்தோடு திறந்து காட்டினார். ஸ்டூலில் போட்டுக்கொள்ள அவர் பெண்சாதி பழைய சேலையை மடித்துத் தைத்த ஒரு சின்ன மெத்தை. அறை இன்னும் வெள்ளையடிக்கக்கூட இல்லை.

பள்ளிக் கமிட்டியின் செக்ரட்டரி மாட்டுங்காவில் இருந்தார். பெரிய ஆபீஸில் பெரிய உத்தியோகம். மரியாதை தெரிந்த மனிதர், குரலை உயர்த்தியே பேசமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளானை எடுத்துக்கொண்டு அவர் ஃபிளாட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்காரவைத்து வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார்கள். அந்த டம்ளரில் எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"பேஷ்! ரொம்ப நன்னா யோசிச்சுப் போட்டிருக்கேள்," என்றார். சாய்வு மூங்கிலை இரண்டு தடவை விளக்கச் சொல்லிக் கேட்டார். சுவரில் உருவம் வரைகிற யோசனையை ஆபீஸிலேயே செய்யலாம் போலிருக்கிறதே என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ரூமுக்கு அந்தண்டை பிரேயர் ஹால் ஆச்சே?"

"ஆமா சார்."

"ஒரே சுவர். அந்தப் பக்கம் சரஸ்வதி படம். இந்தப் பக்கம் தோல் சாமான். நவராத்திரியிலே பூஜை வேற பண்றோம். யோசிச்சேளா?"

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஹாலுக்குள்ளயே மிருதங்கம் இருக்கே சார். அதுவும் தோல்தானே?"

அவர் சிரித்தார், குழந்தை ஏதோ கேட்டதுபோல. "அது வாத்தியம் சார். அதைப் போய் இதோட சேக்கலாமோ?"

"கிரிக்கெட் பந்து?"

"அது சின்னது. ஒரு பக்கமா இருந்துட்டுப் போறது. வாடையும் கிடையாதே."

அவருடைய மகன் பள்ளிக் கிரிக்கெட் டீமில் இருந்தான். மாட்டுங்காப் பிள்ளைகள் பெரும்பாலும் கிரிக்கெட், தாராவிப் பிள்ளைகள் பெரும்பாலும் கால்பந்து. தோலுக்குத் தோல் வாடை மாறுவது அப்படித்தான். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மனசுக்குள் சொல்ல யாருக்கும் தைரியம் தேவையில்லை.

"பின்னாடி சண்டாஸ் பக்கம் எடம் சும்மாதானே கிடக்கு," என்றார். "ஒரு தகர ஷெட் போட்டுடலாம். ஃபுட்பால் எல்லாம் அங்கே. பாக்கி எல்லாம் இந்த ரூம்லே."

"அப்ப ஸ்டோர் கீப்பர்?"

"தோல் சாமான் எங்கேயோ, அதைப் பாத்துக்கறவன் அங்கேதானே இருக்கணும்? ரூமுக்கு நம்ப ஆபீஸ் பியூன்லே ஒருத்தனைப் போட்டுக்கலாம்." டம்ளர் காலியாகிவிட்டதைப் பார்த்து உள்ளே கை காட்டினார். "இன்னொரு வாய் குடிங்கோ. உங்க கன்ஃபர்மேஷன் பேப்பர் அடுத்த கமிட்டியிலே வரது. நானே எழுதிண்டிருக்கேன்."

இரண்டாவது காபியையும் குடித்தேன். நல்ல காபி.

பிளானை மாற்றி வரைந்தேன். ஏனோதானோ என்று வரைந்திருந்தால்கூட இன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒழுங்காக வரைந்தேன். இரண்டு இடத்தில் சாமான் கொடுப்பதால் கூட்டம் குறையும் என்று கண்டுபிடித்தேன். கிரிக்கெட் வரிசையும் கால்பந்து வரிசையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டாதபடி தரையில் சுண்ணாம்புக் கோடு போட இடம் குறித்தேன். ஒரு பக்கத்துப் பிள்ளைகள் இன்னொரு பக்கத்துப் பிள்ளைகளின் மேல் படாமலே மைதானத்துக்குப் போய்த் திரும்பிவிடலாம். இதைச் சாதனை என்று நினைத்து அடிக்கோடு வேறு இழுத்திருந்தேன். அந்தத் தாளை நினைத்தால் பொந்தில் எலிக்குட்டி நெளிந்ததைவிட மோசமாக இருக்கிறது.

பட்டேவாலாவிடம் போய்ச் சொன்னேன். "தோல் சாமான் சாமி படத்துக்குப் பக்கத்துல கூடாதாம். அதனால பந்தெல்லாம் பின்னால. நீங்களும் கொஞ்ச நாள் அங்க இருங்க. நான் பேசி மாத்திருதேன்."

அவர் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சண்டாஸ் ஈரம் தோலுக்கு ஆவாதே சார்," என்றார். "பந்து வீணாப்போயிரும்."

ஜூன் மழைக்கு முன்னால் வேலை முடிந்தது. செக்ரட்டரி தேங்காய் உடைத்தார். நான் ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தேன். நாற்பது பிள்ளைகளுக்குச் சாமான் கொடுக்க நாலு நிமிஷம் ஆயிற்று, திரும்ப வாங்க ஐந்து. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு நோட்டுப் புத்தகத்தில் பாராட்டி எழுதினார். வேறு பள்ளிக்கூடங்களிலிருந்துகூட ஆள் வந்து மூங்கில் கழிகளை அளந்துகொண்டு போனார்கள். முன்னறையில் ஆபீஸ் பெஞ்சிலிருந்து வந்த ஒரு பட்டேவாலா ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். ஹாக்கி மட்டையை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று அவனுக்கு நாலு தடவை சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

பின்பக்கத்தை யாரும் பாராட்டவில்லை. அங்கே யாரும் வரவும் இல்லை. தகரத்தில் ஆணி அடித்த ஓட்டையெல்லாம் மழை இறங்கியது. சண்டாஸ் வழிந்து, அந்தத் தண்ணீர் ஷெட் வாசலில் தேங்கி நின்றது. கால்பந்துப் பிள்ளைகள் வெறுங்காலோடு அதில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு பந்து வாங்கினார்கள். பட்டேவாலா நாளுக்கு இரண்டு தடவை பந்துகளைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பார்த்தார். ஆகஸ்டுக்குள் பந்துகள் தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்தன. தையல் நூல் அழுகியது. பழைய பொந்தின் பச்சைப் பூஞ்சை இங்கேயும் வந்து சேர்ந்தது. சேலை மெத்தை நனைந்து நாற்றம் எடுத்ததும் அவரே அதைப் பிரித்துப் பந்து துடைக்கும் துணியாக்கிவிட்டார்.

அந்த மாதம்தான் எனக்கு வேலை நிரந்தரமானது. பம்பாயில் அதைக் 'காயம்' என்போம். விஷயம் தெரிந்து முதலில் ஓடி வந்தவர் அவர். "காயம் ஆயிட்டீயளாம்லா சார்! ரொம்ப சந்தோசம்," என்று சொல்லி, வெளியே போய் ஒரு கட்டிங் சாய் வாங்கிவந்து எனக்குக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. "இனிமே நீங்க சொன்னா அவிய கேப்பாவல்லா," என்றார்.

அந்த வார்த்தை எனக்கு முள்ளாக உறுத்தியது. நேராகப் போய்க் கேட்க வேண்டியதுதானே? அதற்குப் பதிலாக ஒரு தந்திரம் யோசித்தேன், ஏனென்றால் தந்திரத்துக்கு முதுகெலும்பு வேண்டாம். தோல்தானே தடை? தோலே இல்லாமல் செய்துவிட்டால்? ரப்பர் கால்பந்து அப்போது கடைகளில் வர ஆரம்பித்திருந்தது. தோல் பந்து மழையில் அழுகுகிறது, ரப்பருக்குப் பூஞ்சை பிடிக்காது, எண்ணெய் வேண்டாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கமிட்டிக்குக் கொடுத்தேன். ஒரே கூட்டத்தில் பாஸாயிற்று. இனி தோலுக்கே இடமில்லை என்று செக்ரட்டரி சந்தோஷப்பட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பிள்ளைகளுக்கு ரப்பர் பந்து பிடிக்கவில்லை. அது தாறுமாறாக எகிறும், வெறுங்காலில் பட்டால் சுள்ளென்று எரியும். பட்டேவாலாவுக்கும் அதில் வேலை இல்லை, தைக்க ஒன்றுமில்லாத பந்து. ஆனாலும் அவருக்கு விஷயம் புரிந்திருந்தது. புதுப் பந்துகள் பன்னிரண்டும் ஷெட்டில் வந்து இறங்கியபோது ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "தோல் வாடையே இல்ல சார்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

நவராத்திரிக்கு முந்தின வாரம் செக்ரட்டரி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிரேயர் ஹாலில் பூஜைக்கு இடம் பார்த்துவிட்டு சாமான் அறைக்குள் எட்டிப்பார்த்தார். மூங்கில் கழிகள் காலியாக இருந்தன. இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன்.

"சார், இப்ப கால்பந்துல தோலே கிடையாது. எல்லாம் ரப்பர். இங்கயே வச்சுக்கலாமா?"

"பேஷா! அதுக்குத்தானே வாங்கினது. கொண்டு வந்து அடுக்கச் சொல்லுங்கோ."

"அப்ப அவரையும் முன்னால கொண்டுவந்து ஸ்டூல்ல உக்கார வச்சிரலாம் சார். பந்து வேலை அவருக்குத்தான் தெரியும்."

"பந்து வரட்டும் சார்," என்றார் அவர். "ஆள் அங்கேயே இருக்கட்டும்."

"அதான் தோல் இல்லையே சார்?"

செக்ரட்டரி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இவ்வளவு நாள் பழகியும் இவனுக்குப் புரியவில்லையே என்ற வருத்தம்தான் இருந்தது. "தோலைப் பத்தி யார் சார் பேசறா?" என்றார். நிஜமாகவே கேட்டார். பிறகு கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பூஜைக்கு வாழைக்கன்று யார் வாங்குகிறார்கள் என்று விசாரித்தார்.

எனக்கு முதல் நாளே தெரியாதா? அந்த ஞாயிற்றுக்கிழமை, வெள்ளி டம்ளர் கையில் இருக்கும்போதே தெரியும். தெரிந்ததால்தான் மிருதங்கம், கிரிக்கெட் பந்து என்று தோலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் நான் யார் பக்கம் என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். இப்போது வேலை நிரந்தரம். லேசில் என்னை யாரும் வெளியே அனுப்ப முடியாது. ஒரு நிமிஷம் அவருக்கு எதிரே நின்று, இது அசிங்கம் சார் என்று சொல்லியிருக்கலாம். வாழைக்கன்று நான் வாங்கிவருகிறேன் என்று சொன்னேன்.

பின்பக்கம் போனேன். பட்டேவாலா ஷெட்டைக் கூட்டி, பந்துகளைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். சட்டையை மாற்றியிருந்தார் என்று நினைக்கிறேன்.

"அவிய என்ன சொன்னாவ சார்?"

"பந்தை உள்ள கொண்டு வரலாமாம்," என்றேன்.

அவர் மிச்சத்துக்காகக் காத்திருந்தார். நான் தகரத்தில் இருந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி சார்," என்று சொல்லி, குனிந்து இரண்டு பந்துகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். நான் முன்னால் போய் அறைக் கதவைத் திறந்து உள்ளே நின்றேன்.

அவர் வாசல்படிக்கு வெளியே நின்றுவிட்டார். இந்தச் சுவர் ஒவ்வொன்றையும் என்னோடு அளந்தவர், மூங்கிலுக்குச் சாய்வு பார்த்தவர், ஆணி அடித்தவர். அன்றெல்லாம் நூறு தடவை உள்ளே வந்து போயிருக்கிறார். அன்று அது வெறும் அறை. இப்போது யாரும் ஒன்றும் சொல்லாமலே படிக்கு ஒரு முழம் தள்ளி நின்று, கையை நீட்டிப் பந்தைக் கொடுத்தார். நான் வாங்கி மூங்கில் கழியில் வைத்தேன். அடுத்ததைக் கொடுத்தார். வாங்கி வைத்தேன். மறுபடி போய் இரண்டு கொண்டுவந்தார். ஆறு நடை நடந்தார். பன்னிரண்டு பந்து. பன்னிரண்டு தடவையும் என் கை வாசல்படிக்கு வெளியே நீண்டு வாங்கிக்கொண்டது. 'உள்ள வாங்க' என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை.